ஐந்து நாள் மலை நடைக்கு ஓர் ஆயத்தம்

வருகின்ற ஓகஸ்ட் மாதத்தின் கடைசி வாரத்தில், முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு ஐந்து நாட்கள் மலைப்பகுதியில் நடக்கப் போகிறேன். இதை ஊரிலிருக்கும் அக்காவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "என்னடி, ஆரும் துரத்துகினமே?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் அது நியாயமான கேள்வி. எங்கள் வயதுப் பெண்கள் மூட்டை முடிச்சுகளோடு நடந்த தூரங்கள் எல்லாம் பின்னால் ஏதோ ஒன்று துரத்த நடந்த தூரங்கள்தான்.

நான் நோர்வேக்கு வந்து இருபது வருடங்களுக்கு மேலாகிறது. ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறேன். இங்குள்ளவர்களுக்கு விடுமுறை என்றால் மலையும் காடும்தான். திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் "எங்கே நடந்தாய்?" என்று ஒருவரையொருவர் விசாரிப்பார்கள். வந்த புதிதில் எனக்கு இது விளங்கவேயில்லை. வீடு இருக்கிறது, அடுப்பு இருக்கிறது, சூடான படுக்கை இருக்கிறது. இவற்றை விட்டுவிட்டுக் குளிரிலும் மழையிலும் போய் ஏன் நடக்க வேண்டும்?

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு நாங்கள் வெளிக்கிட்டபோது எனக்குப் பதினெட்டு வயது. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க ஓர் இரவு முழுவதும் போதவில்லை. மழை. அம்மா தன் சேலைத் தலைப்பை என் கையிலும் தம்பியின் கையிலும் சுற்றி வைத்திருந்தார். தையல் மெசினின் தலைப்பகுதியைச் சாக்கில் கட்டி அக்கா சுமந்தாள். அரிக்கன் லாம்பை யார் வீட்டில் விட்டது என்று அக்காவும் நானும் இன்றைக்கும் வாக்குவாதப்படுவோம். அன்றைக்குப் பிறகு முதுகிலோ தலையிலோ ஒரு மூட்டையோடு நான் நீண்ட தூரம் நடந்ததில்லை. தோழிகள் கூப்பிட்ட போதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லித் தவிர்த்து வந்தேன்.

இம்முறை சம்மதித்ததற்குக் காரணம் என் மகள். இவ்வருடம் தாதியர் படிப்பை முடித்திருக்கிறாள். செப்ரெம்பரில் நாட்டின் வடக்கே வேலைக்குப் போகிறாள். போவதற்கு முன் என்னோடு சில நாட்கள் நடக்க வேண்டும் என்று கேட்டாள். நகையோ சேலையோ கேட்கவில்லை, இதைத்தான் கேட்டாள். என்னோடு வேலை செய்யும் நோர்வேப் பெண் ஒருவரும் எங்களுடன் வருகிறார். அவருக்கு 61 வயது, சிறுவயது முதல் மலையில் நடப்பவர். ஆக, நாங்கள் மூன்று பெண்கள்.

போகவிருக்கும் இடத்தின் பெயர் யொட்டுன்ஹைமன். 'அரக்கர்களின் உறைவிடம்' என்பது அதன் பொருள். 1980 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட மலைப்பிரதேசம். நோர்வேயின் மிக உயர்ந்த மலையான கால்ஹோபிக்கன் அங்கேதான் இருக்கிறது. அதன் உயரம் 2469 மீற்றர். எங்கள் பீதுருதாலகாலை 2524 மீற்றர் என்று நான் சொன்னபோது தோழி நம்பாமல் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டு, அன்று எனக்குத் தேனீர் ஊற்றித் தந்தார். ஆனால் உயரத்தை மட்டும் வைத்து ஒப்பிட முடியாது. நுவரெலியா நகரம் 1800 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கே லீக்ஸும் கரட்டும் விளைகின்றன. இங்கே ஏறக்குறைய 1100 மீற்றருக்கு மேல் மரமே இல்லை. கல், பாசி, குட்டைச் செடி, அதற்கும் மேலே வருடம் முழுவதும் உருகாத பனிக்கட்டி.

அந்த மலைகளுக்கு நடுவே யென்டே என்றொரு ஏரி, சுமார் 18 கிலோமீற்றர் நீளமாக, ஒடுக்கமாகக் கிடக்கிறது. பனிக்கட்டி ஆறுகள் அரைத்துக் கொண்டுவரும் கல்மாவினால் அதன் தண்ணீர் பச்சையாக இருக்கும். படத்தில் பார்த்தால் சாயம் கரைத்தது போலிருக்கிறது. ஏரியின் கிழக்கு முனையில் யென்டேஸ்ஹைம், நடுவில் மேமுருபு, மேற்கு முனையில் யென்டேபு என மூன்று தங்குமிடங்கள். கோடையில் இவற்றுக்கிடையே படகு ஓடும். எங்கள் திட்டம் இந்த ஏரியைப் பிடித்துக்கொண்டுதான். முதல் நாள் ஒஸ்லோவிலிருந்து பஸ்ஸில் போய், படகில் மேற்கு முனைக்குச் சென்று யென்டேபுவில் தங்குவது. இரண்டாம் நாள் பாரமான பைகளை அங்கே வைத்துவிட்டுப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நடந்து திரும்புவது. மூன்றாம் நாள் ஏரிக்கரையோரமாக மேமுருபுவுக்கு. நான்காம் நாள் அங்கிருந்து யென்டேஸ்ஹைமுக்கு. ஐந்தாம் நாள் வீடு. அந்த நான்காம் நாள் பற்றித்தான் எங்கள் வீட்டில் மூன்று வாரமாகப் பேச்சு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓகஸ்ட் கடைசியைத் தெரிவு செய்ததற்குக் காரணங்கள் உண்டு. யூன் மாதத்தில் மேலே பனி கிடக்கும், உருகும் பனியினால் ஓடைகள் பெருகி ஓடும். யூலையில் சனமும் நுளம்பும் கூட. ஓகஸ்ட் நடுப்பகுதியில் பாடசாலைகள் தொடங்கிவிடும், சனம் குறையும், ஓடைகள் வற்றும், சரிவுகளில் நீலப் பழங்கள் பழுத்திருக்கும். ஆனால் இரவு ஒன்பது மணியோடு இருட்டிவிடும். யூனில் இரவே இல்லாததுபோல் இருந்த அதே இடம்தான். குளிரும் திடீரென்று இறங்கும். ஓகஸ்ட் கடைசியில் ஒரு காலை எழும்பிப் பார்க்கும்போது வெளியே வெள்ளையாகக் கிடந்த கதை தோழியிடம் இருக்கிறது.

இனிப் பையின் கதைக்கு வருகிறேன். உடல் எடையில் ஐந்திலொரு பங்குக்கு மேல் சுமக்க வேண்டாம் என்பது இங்கே பொதுவான கணக்கு. நான் 55 கிலோ. ஆகவே 11 கிலோ. இதற்கு உடம்பைப் பழக்குவதற்காக மே மாதத்திலிருந்து, எங்கள் குடியிருப்புக்குப் பின்னாலிருக்கும் லில்லோமார்க்காக் காட்டுக்குள் பையோடு நடந்து வருகிறேன். பைக்குள் வைக்க வேறு பாரம் இல்லாததால் ஐந்து கிலோ அரிசிப் பையை வைத்தேன். வழியில் கண்ட எங்கள் ஊர்ப் பெண் ஒருவர், "என்ன அக்கா, அரிசியை வாங்கிக்கொண்டு காட்டுக்குள்ளால போறீங்கள்?" என்றார். விளக்கம் சொல்லி முடியவில்லை. பிறகு இரண்டு கிழமையில் அவரும் வந்துவிட்டார், சம்பா அரிசியோடு.

சப்பாத்தைப் புதிதாக வாங்கி நேரே மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. இரண்டு மாதமாவது போட்டு நடந்து, காலுக்குப் பழக்க வேண்டும். பருத்தி உடுப்பும் ஆகாதாம். வெயில் நாட்டில் பிறந்த எங்களுக்குப் பருத்திதான் உடம்புக்கு இதம் என்று எண்ணம். மலையில் அது நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் சூடு தரும். ஆகவே உள்ளாடை முதல் மேசு வரை கம்பளி, அதற்கு மேல் மழைக்கோட். எல்லாவற்றையும் பொலித்தீன் பைகளில் தனித்தனியே கட்டி வைப்பது. பொலித்தீனில் கட்டுவதை எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவைப்படவில்லை.

தண்ணீர் பெரிய பாரம். ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆனால் அந்த மலைகளில் ஓடும் ஓடைத் தண்ணீரைக் குடிக்கலாம் என்பதால் ஆளுக்கு ஒரு சின்னப் போத்தல் போதும். சாப்பாட்டுக்கு, சுடுநீர் ஊற்றினால் சோறாகும் உலர் பைக்கற்றுகளை மகள் வாங்கி வந்தாள். விலையைப் பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. நான் சத்துமா வறுத்தேன். சிவப்பரிசி, பயறு, உளுந்து, குரக்கன், கொஞ்சம் சோளம் எல்லாம் வறுத்து அரைத்து, சீனி கலந்தது. சுடுநீரில் குழைத்தாலும் சரி, பச்சைத் தண்ணீரில் குழைத்தாலும் சரி, ஒரு பிடி உருண்டை இரண்டு மணித்தியாலம் தாங்கும். அடுப்பு வேண்டாம், கெட்டுப்போகாது, பாரமும் இல்லை. திரிபோசாவில் பிள்ளைகளை வளர்த்த உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. கூடவே எள்ளுருண்டை. கருவாடு எடுப்போமா என்றும் ஒரு யோசனை வந்தது. தங்குமிடத்தில் மற்றவர்களும் படுப்பார்கள் என்று மகள் நினைவூட்டியதால் விட்டுவிட்டேன்.

பாரம் நிறுத்தபோது பைக்குள் ஒரு பொலித்தீன் உறை இருந்தது. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, பழைய அடையாள அட்டை, பாடசாலைப் பத்திரம், அப்பாவின் மரணச் சான்றிதழ். கை பழக்கத்தில் தானாக வைத்துவிட்டது. வீட்டை விட்டு இரண்டு இரவுக்கு மேல் வெளியே தங்கினால் இவை என்னோடு வரும். மகள் ஒன்றும் பேசாமல் நிறுத்துப் பார்த்து, "அம்மா, 400 கிராம்" என்றாள். வெளியே எடுத்து வைத்திருக்கிறேன். இன்னும் அலுமாரிக்குள் வைக்கவில்லை, மேசையில்தான் கிடக்கிறது.

அடுத்தது படுக்கை. நோர்வே மலை நடையாளர் சங்கம் 1868 இல் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் 500க்கு மேற்பட்ட தங்குமிடங்கள் அதனிடம் உள்ளன. யென்டேபு 1871 இல் கட்டப்பட்டதாம். ஆள் வைத்து நடத்தும் இடங்களில் சுடச்சுடச் சாப்பாடு கிடைக்கும். ஆளில்லாத இடங்கள் சிலவற்றில் அலுமாரியில் சாப்பாட்டுச் சாமான் அடுக்கியிருக்கும். எடுத்ததை நீங்களே எழுதி, பிறகு நீங்களே காசு கட்ட வேண்டும், காவலுக்கு ஒருவரும் இல்லை.

எல்லா இரவும் தங்குமிடத்திலேயே படுக்கலாம் என்று நான் இருந்தேன். மேமுருபுவில் ஓர் இரவாவது கூடாரம் அடித்துப் படுக்க வேண்டும் என்பது மகளின் ஆசை. இந்த நாட்டில் 1957 இல் வந்த ஒரு சட்டப்படி, பயிர் செய்யப்படாத வெளிகளில் யாரும் நடக்கலாம். வீடுகளுக்கு 150 மீற்றருக்கு அப்பால் இரண்டு இரவு வரை கூடாரம் அடிக்கலாம். காணிக்காரரைக் கேட்க வேண்டியதில்லை. காணி என்றதும் உறுதி, வேலி, உயர் பாதுகாப்பு வலயம் என்று நினைக்கப் பழகிய எனக்கு இந்தச் சட்டத்தை நம்பவே சில வருடங்கள் பிடித்தன.

கூடாரம் என்று சொன்னதும் அக்கா தொலைபேசியில் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2009 இல் அவள் இரண்டு பிள்ளைகளோடு செட்டிகுளம் மெனிக் பாமில் இருந்தவள். ஒரு கூடாரத்துக்குள் முன்பின் தெரியாத குடும்பங்களோடு, வைகாசி வெயிலில், பிறகு மாரி மழையில். 2012 செப்ரெம்பரில் அந்த முகாமை மூடும்போது அவள் வீடு திரும்பி நாளாகியிருந்தது. "காசு குடுத்துத் தறப்பாளுக்குள்ள படுக்கப் போறியே?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. பிறகு அவளே கேட்கத் தொடங்கினாள். அடியிலே விரிப்பு உண்டா? எத்தனை பேருக்கு ஒன்று? மூன்று பேருக்கு ஒன்றா! கதவு உள்ளேயிருந்து பூட்டலாமா? பூட்டு இல்லை, சிப் மட்டும்தான் என்றேன். "பள்ளத்தில அடிச்சுப் போடாத. தண்ணி எந்தப் பக்கம் ஓடுமெண்டு முதல் பார். கயித்தை ஆணியில கட்டினாலும் மேல ஒரு கல்லு வை." கூடாரத்தோடு வந்த கையேட்டில் மகள் வாசித்துச் சொன்னதும் ஏறக்குறைய இதுவேதான்.

ஓர் இரவு கூடாரம் என்று முடிவாகிவிட்டது. எனக்கு அந்த இரவு எப்படிப் போகுமோ தெரியாது. நித்திரை வராவிட்டால் எழும்பித் தங்குமிடத்து விறாந்தையில் போய் இருக்கலாம் என்று தோழி சொல்லியிருக்கிறார்.

பெண்களாகப் போகும்போது பார்க்க வேண்டிய சிலவும் உள்ளன. மாதவிடாய் நின்றுபோகும் வயதில் அது எப்போது வருமென்று சொல்ல முடியாது. ஆகவே துணியோ பாட்ஸோ எடுத்துச் செல்லத்தான் வேண்டும். பாவித்தவற்றை மலையில் போடக் கூடாது. இறுக்கி மூடும் பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வெளிக்குப் போவதென்றால் தண்ணீரிலிருந்து தூரப் போய், குழி தோண்டி மூட வேண்டும். மரமில்லாத வெளியில் மறைவுக்கு என்ன செய்வது என்று நான் கேட்டேன். ஒருவர் போனால் மற்ற இருவரும் மறுபக்கம் பார்த்து நிற்பது என்றார் தோழி. இடம்பெயர்ந்து போன வழிகளில் பெண்கள் சுற்றிநின்று சேலை பிடித்ததை நான் அவருக்குச் சொன்னேன். பத்து வருடமாக ஒன்றாக வேலை செய்கிறோம், இதை அன்றுதான் சொன்னேன்.

இனி நான்காம் நாள். மேமுருபுவிலிருந்து யென்டேஸ்ஹைமுக்கு இரண்டு வழிகள். ஒன்று ஏரிக்கரையோரமாகப் போவது, சுமார் 10 கிலோமீற்றர். மற்றையது பெஸ்ஸெக்கன் என்னும் ஒடுங்கிய மலைமுதுகு வழியே ஏறி இறங்குவது. சுமார் 14 கிலோமீற்றர், உச்சி 1743 மீற்றர், ஏழெட்டு மணித்தியாலம். ஓரிடத்தில் கைகளையும் ஊன்றி ஏற வேண்டும். ஒரு பக்கம் கீழே பச்சை ஏரி, மறுபக்கம் அதைவிட ஏறக்குறைய 400 மீற்றர் உயரத்தில் இன்னொரு நீல ஏரி. நோர்வேயில் பலருக்கும் அது வாழ்நாளில் ஒருமுறை ஏற வேண்டிய இடம். மகளும் ஏற விரும்புகிறாள். என் முழங்கால் அதற்கு இடம் தராது. முதியோரைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த முழங்கால்.

ஆகவே பிரிந்து நடக்க வேண்டும். இதுதான் எனக்குக் கஷ்டமாயிருந்தது. வழியில் பிரியக் கூடாது, என்ன நடந்தாலும் ஒன்றாக, இதுவே அம்மாவிடம் நான் படித்த பாடம். பிரிந்தவர்கள் சேர வருடங்கள் சென்ற குடும்பங்களையும், சேராமலே போன குடும்பங்களையும் உங்களுக்கும் தெரியும். மகளுக்கு இதைச் சொல்லித் தடுத்திருக்கலாம். சொன்னால் அவள் ஏறாமல் என்னோடே வருவாள் என்பதும் எனக்குத் தெரியும். அதனாலேயே சொல்லவில்லை. என் பயம் என்னுடைய சாமான். அதை அவள் பையில் வைக்க எனக்கு விருப்பமில்லை.

இங்கே மலை விதிகள் என்று ஒன்பது உண்டு. 1967 இல் ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்ததன் பின் நாடெங்கும் பரப்பப்பட்டவை. 2016 இல் புதுப்பித்திருக்கிறார்கள். தங்குமிடச் சுவர்களிலும் பாடசாலைகளிலும் ஒட்டியிருக்கும். அவற்றில் முதலாவது, திட்டமிடு, எங்கே போகிறாய் என்று மற்றவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போ என்பது. எட்டாவது, நேரத்தோடு திரும்பு, திரும்புவதில் வெட்கமில்லை என்பது. வந்த காலத்தில் இவற்றை மொழி படிக்கும் வகுப்பில் வாசித்தபோது மனதில் பதியவில்லை. இப்போது வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு மகளோடு வாசிக்கும்போது வேறு விதமாக இருந்தது. திரும்பிப் போகலாம் என்பதை ஒரு விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள். நாங்கள் நடந்தபோது திரும்புவதற்கு இடம் இருக்கவில்லை.

தங்குமிடங்களில் ஒரு பெரிய கொப்பி இருக்கும். வருபவர்கள் பெயர், வந்த இடம், அடுத்துப் போகும் இடம் எழுதுவார்கள். ஒருவர் காணாமற்போனால் தேடுபவர்கள் முதலில் அந்தக் கொப்பியைத்தான் பார்ப்பார்களாம். நானும் எத்தனையோ பதிவுகளில் பெயர் எழுதியவள்: பங்கீட்டு அட்டைக்கு, பாஸுக்கு, சோதனைச் சாவடிக்கு. தேடி வருவதற்காகப் பெயர் எழுதும் கொப்பி எனக்குப் புதிது. எங்கள் ஊரில் வெளிக்கிடும்போது "போறன்" என்று சொல்ல மாட்டோம், "வாறன்" என்போம். தம்பியும் 2008 இல் ஒரு காலையில் "வாறன்" என்றுதான் சொன்னான். எங்கே என்று சொல்லவில்லை. சொல்லக்கூடிய காலமும் அதுவல்ல.

ஆகவே இந்த விடயத்தில் நான் கண்டிப்பாயிருந்தேன், மகளும் ஒத்துக்கொண்டாள். ஒரு தாளில் எழுதியிருக்கிறோம். மலைமுதுகில் தனியே போவதில்லை. தோழி அவளோடு போவார், நான் கரையோரமாகத் தனியே வருவேன். காலை எட்டு மணிக்கு எல்லோரும் புறப்படுவது. உச்சியில் முகில் மூடியிருந்தாலோ காற்றுப் பலமென்றாலோ அவர்கள் ஏறாமல் மேமுருபுவுக்குத் திரும்பிப் படகில் வருவது. பாதையில் பல இடங்களில் தொலைபேசி வேலை செய்யாது. ஆகவே அழைப்பு வரவில்லை என்று நான் பதறுவதில்லை. மாலை ஆறு மணிக்குள் வந்து சேராவிட்டால் தங்குமிடத்து ஆட்களுக்குச் சொல்வது. எட்டு மணிக்கு 112 ஐ அழைப்பது. வரைபடமும் திசைகாட்டியும் இரு பகுதியிடமும் ஒவ்வொன்று. மருந்துப்பையை இரண்டாகப் பிரித்தோம். சத்துமாவையும்.

நான் தனியே நடக்கப் போகும் அந்தப் பத்துக் கிலோமீற்றரைப் பற்றி மகளுக்கும் கவலை இருக்கிறது. கற்களில் சிவப்பு நிறத்தில் அடையாளமிட்டிருப்பார்கள், வழி தவறாது, இடப்பக்கம் மலை, வலப்பக்கம் ஏரி என்று நானே அவளுக்குச் சமாதானம் சொல்கிறேன். பதினெட்டு வயதுக்குப் பிறகு ஒரு முழு நாள் யாருக்கும் எதுவும் செய்யாமல் தனியே நடந்த ஞாபகம் எனக்கில்லை. பயமும் இருக்கிறது, ஆசையும் இருக்கிறது.

தாளின் ஒரு பிரதி வீட்டில் கணவரிடம் இருக்கும். மற்றையதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். நான்காம் நாள் இரவு யென்டேஸ்ஹைம் வந்ததும் அவளுக்குத் தொலைபேசி எடுப்பதாக எழுதியிருந்தது, எட்டு மணிக்கு. கோடையில் இங்கே எட்டு மணியென்றால் அங்கே பதினொன்றரை. "நேரத்தோட படு அக்கா, விடிய எடுக்கிறன்" என்றேன்.

"முழிச்சிருப்பன்" என்றாள். "பிள்ளை இறங்கி வந்திட்டாளோ எண்டதை மட்டும் முதல் சொல்லு. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."